கல்லைப் பற்றி ஒன்றும் கேட்காதவர்

இருபது தோசைக்கல்லையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி முடித்த சோனியா, கூரியருக்கு போன் போடாமல் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி நான், கயிறு கட்டிக்கொடுக்கப் போயிருந்தேன்.

அவள் புருஷன் தானியேல் சிப்காட்டுக்கு ஷிப்ட் கிளம்பிக்கொண்டிருந்தான். "இன்னாமே குந்திக்கினு இருக்க? வண்டிய வரச்சொல்லு."

"ஆர்டர் போட்ட ஆளு கல்லப் பத்தி ஒண்ணுமே கேக்கலய்யா."

"கார்டுல மொத்தக் காசும் கட்டிட்டாரு. இன்னும் இன்னா கேக்கணும்?"

உங்களுக்குச் சொல்கிறேன் கண்ணுகளா. கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் வெறும் கல்லாக வாங்கி, எண்ணெய் தடவி, சூடேற்றி, வெங்காயம் தேய்த்துப் பழக்கி, போனிலேயே ஊரெங்கும் விற்கிறவள் அவள். ஒற்றைக் கல் வாங்குகிறவர்கூட ஒட்டுமா, கனம் எவ்வளவு, முட்டை தோசை வருமா என்று பிராணனை வாங்கிவிடுவார். அத்தனைக்கும் சலிக்காமல் பதில் சொல்வாள். ஆடியில் இப்படித்தான் ஒரு பெரிய ஆர்டர். கல் போன பிறகு தெரிந்தது, அது திருட்டு கார்டு. சொந்தக்காரர் பாங்கில் புகார் கொடுக்க, வந்த பணத்தை இவள் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். காதுத்தோட்டை விற்றுத்தான் மறுபடி கல் வாங்கினாள். இன்னொரு அடி விழுந்தால் வியாபாரமே இல்லை.

சோனியா அந்த ஆளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எதற்கு இத்தனை கல் என்று கேட்டாள்.

"ஓட்டலுக்கும்மா. அவசரம். இன்னிக்கே அனுப்பு."

"ஓட்டலுக்கு ஊட்டுக் கல்லு எதுக்கு சார்? பெரிய கல்லு ஒண்ணு போதுமே."

அந்த ஆள் பட்டென்று போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை.

அவள் யோசிக்கவேயில்லை. எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதற்கே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தானியேல் செருப்பை மாட்டியபடி என்னைப் பார்த்தான். "பாத்தியா பெரிம்மா, ஊட்லயே போலீஸ் வெச்சிருக்கேன்." சிரித்தானே தவிர, இருபது கல்லையும் மறுபடி அலமாரியில் ஏற்றிவைத்துவிட்டுத்தான் போனான்.

அந்த வாரமே பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். "ஏனுங்க, என் கார்டுல யாரோ எடுத்த பணம் திரும்பி வந்திருக்குதுங்க. உங்க கடைப் பேரு போட்டிருக்குது. யாருங்க நீங்க?"

சோனியா நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தக் கல்லுல... தோசை ஒட்டாதுங்களா?"

சோனியா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அடுப்பில் வைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாள்; கல் சுர்ரென்றது. "இருங்கம்மா, கேளுங்க," என்று போனைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.