வண்டியை ஒரு சுற்று

அன்பரசி மூன்றாவது முறையாக மின்விசிறியை நிறுத்தினாள்.

“ஏம்மா, இந்த வேக்காட்டுல எல்லாரும் பேஜாராவுறாங்க பாரு” என்றாள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா. இரண்டு முறையும் அதை ஓடவிட்டவள் அவள்தான்.

“காத்து பட்டா கண்ணு காஞ்சிடும் அத்தை. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ.”

“செத்த மன்சனுக்குக் கண்ணு காஞ்சா இன்னா, நனைஞ்சா இன்னா?”

அன்பரசி கட்டில் பக்கம் திரும்பினாள். கட்டிலில் கிடந்த அப்பாவின் தலைக்கடியில் இரண்டு தலையணைகள் வைத்திருந்தாள். மூடிய இமைகள்மேல் இருந்த பஞ்சை எடுத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மறுபடி வைத்தாள். அவள் மதுராந்தகத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருப்பது அவளுக்குத் தெரியும். வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாயே கிடையாது. வெளியே இருக்கும் காற்றும் கண்ணீரும் உள்ளே இருக்கும் நீரும்தான் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. ஆள் போன பிறகு கண்ணீர் நின்றுவிடும். அதனால்தான் ஈரப் பஞ்சு, அதனால்தான் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு.

ஜெபசிங் இறந்தது காலை எட்டேகாலுக்கு. டீ டம்ளரைக் கீழே வைத்தவர் நிமிரவில்லை. இப்போது மணி பன்னிரண்டரை. செங்கல்பட்டிலிருந்து வந்த கண் வங்கி ஊழியர் மோகன், நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜெபசிங் கையெழுத்துப் போட்ட கண்தான அட்டை அவரிடம் இருந்தது. ஆனால் அட்டை மட்டும் போதாது. மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரெபேக்காள் போடவில்லை.

“அண்ணி வேணான்றது சரிதான்” என்றார் ஜெபசிங்கின் தம்பி தேவசகாயம். “கடைசி நாள்ல ஆண்டவர் அண்ணன எழுப்புனா, கண்ணில்லாம எப்பிடி நிக்கறது?”

“சித்தப்பா, மண்ணுல போனா ஒடம்பே கரைஞ்சி போவுது. அந்த ஒடம்பையே சேத்து எழுப்பறவரு, கண்ண மட்டும் மறந்துடுவாரா?”

தேவசகாயம் தாடையைச் சொறிந்துகொண்டார். ரெபேக்காள் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் அதுக்காவ வேணான்னு சொல்லலடி. உங்க அப்பன் எப்போ இதுல கையெழுத்துப் போட்டாரு?”

“ரெண்டு வருஷமாச்சி. அவரு காலேஜ்ல கேம்ப் வச்சப்போ.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு வழி கேட்டு ஜெபம் பண்ணிகினு கீறேன்னாரு. நீ முந்திக்காதன்னாரு.”

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அன்பரசிக்குத் தோன்றியது.

“ரெண்டு வருஷமா ஆண்டவர் கிட்ட கேட்டுகினு இருந்தாரு” என்றாள் ரெபேக்காள். குரல் உயரவில்லை. “பக்கத்துலயே பட்துகினு இருந்தேன். எங்கிட்ட கேக்கல.”

ஏன் கேட்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மகன் சாம் ஜிஎஸ்டி சாலையில் பைக்கோடு விழுந்தான். பிரேதப் பரிசோதனை முடிந்து துணியில் சுற்றி வந்தவனை, வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும், அவள் பிரித்துப் பார்த்தாள். இனி என் வீட்டில் யார்மேலும் கத்தி படக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்ற பேச்சையே ஜெபசிங் அவள் முன்னால் எடுத்ததில்லை.

மோகன் எழுந்து உள்ளே வந்தார். “கண்ண முழுசா எடுக்கறதில்லம்மா. மேல இருக்கற தோல் மாதிரி ஒண்ணு, அவ்ளோதான். இருவது நிமிஷம். மொகம் அப்பிடியே இருக்கும்.”

“நான் யோசிக்கணும்” என்றாள் ரெபேக்காள்.

“ரெண்டேகாலுக்குள்ள எடுத்தாவணும்மா. ஒண்ணரைக்காவது சொல்லிடுங்க.”

ரெபேக்காள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே போகப் பார்த்த சந்திரம்மாவை அன்பரசி கையைப் பிடித்து நிறுத்தினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அம்மா புளியமரத்தடியில் நின்ற கல்லூரிப் பேருந்தை நோக்கிப் போவது தெரிந்தது. ஜெபசிங் அதன் ஓட்டுநர். படாளத்தில் கிளம்பி, வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு படூர் போவார். அதனால் இரவிலும், இன்றைப் போலக் கல்லூரி விடுமுறை நாளிலும் வண்டி வீட்டருகிலேயே நிற்கும்.

காலை ஐந்தரைக்கு அவர் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கையில் ஒரு முழ நீள உருட்டுக்கட்டை இருக்கும். பேருந்துக்கு முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. பின்டயரில் வெளியே இருப்பது நன்றாக இருந்தால் உள்ளே இருப்பதில் காற்று குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெளிடயர் சுமையைத் தாங்கிக்கொள்ளும். தாங்கித் தாங்கி அதுவும் ஒருநாள் வெடிக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். காற்று நிறைந்தது கட்டையைத் துள்ளித் திருப்பி அனுப்பும், டங்கென்று. குறைந்தது தொப்பென்று வாங்கிக்கொள்ளும்.

அந்தச் சுற்றுத்தான் அவருடைய ஜெபம். அன்றைக்கு எதை முடிவு செய்ய வேண்டுமோ அதை முதல் டயரில் சொல்லிவிடுவார். அடுத்ததில், தனக்கு எது ஆசை என்பதை ஒளிக்காமல் சொல்வார். அதனால் யாருக்கு நோகும் என்பது இன்னொன்றில். கடைசி இரண்டு டயர்களில் பேசுவதே இல்லை, காது மட்டும்தான். சுற்று முடிந்து ஏறி உட்கார்ந்தால், சொன்ன காரியத்தை அன்றே செய்துவிடுவார். கண்ணை மட்டும் மூட மாட்டார். “கண்ண மூடு ஜெபசிங், ஆண்டவர் ஓடிட மாட்டாரு” என்று பாஸ்டர் கிண்டல் செய்தபோது, “அவரு ஓட மாட்டாரு ஐயா, வண்டி ஓடும்” என்றார்.

ரெபேக்காளிடம் கேட்கும் இந்த ஒரு காரியத்தை மட்டும், இரண்டு வருடமாகச் சுற்றியும் அவர் செய்யவில்லை.

ரெபேக்காள் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கையை விட்டுக் கட்டையை எடுத்தாள். முன் டயர் முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. தட்டினாள். அடுத்ததற்குப் போனாள். வண்டியின் மறுபக்கம் போனபோது ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஓரிடத்தில் ஒரே டயரை இரண்டு மூன்று முறை தட்டினாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அன்பரசி மணி பார்த்தாள். ஒன்று இருபது. பஞ்சை மறுபடி நனைத்தாள்.

“இன்னாம்மா, போய்க் கூப்பிடட்டா?” என்றார் தேவசகாயம்.

“வேணாம் சித்தப்பா.”

ரெபேக்காள் உள்ளே வந்தபோது புடவை முந்தானையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. கட்டிலருகே போய் நின்றாள்.

“கேட்டிருந்தா வேணான்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாள் கணவனிடம். “அதுக்காவ கேக்காம வுடுவியா?”

பிறகு மோகன் பக்கம் திரும்பினாள். “எங்க போடணும்?”

கையெழுத்துப் போட்டாள். அன்பரசியும் தேவசகாயமும் சாட்சிக்குப் போட்டார்கள். “நான் உள்ளயே இருப்பேன்” என்றாள் ரெபேக்காள். மோகன் தயங்கி, சரி என்றார். மற்றவர்கள் வெளியே போனார்கள். அன்பரசி உள்ளே நின்றபடி கதவைச் சாத்தினாள். இருபது நிமிடம் அம்மா கணவனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடவில்லை.

மோகன் பெட்டியை மூடினார். இமைகள் முன்பு போலவே மூடியிருந்தன. “ஃபேன் போட்டுக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்ப, சந்திரம்மா ஓடிவந்து சுவிட்சைத் தட்டினாள்.

மூன்று மணிக்கு வண்டியை எடுத்துப்போக வேறொரு ஓட்டுநர், அருணகிரி, வந்தான். மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

“தம்பி” என்றாள் ரெபேக்காள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. “பின்னாடி லெஃப்ட்ல உள் டயருல காத்து கம்மியா கீது. அப்பிடியே எட்துகினு போவாத.”

அருணகிரி போய்க் குனிந்து பார்த்தான். டயர்கள் இரண்டும் சரியாகவே தெரிந்தன.

“நல்லாத்தானே கீது?” என்றான் தேவசகாயத்திடம்.

இருந்தாலும் இருக்கைக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்துவந்து வெளிடயரைத் தட்டினான். டங்கென்றது. கையை உள்ளே நீட்டி அடுத்ததைத் தட்டினான்.

அவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஜாக்கியைத் தேடி வண்டியில் ஏறினான்.