சாலைப் பக்கத்துச் சரிவு

சின்னவளின் அடுக்களையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு நின்றது. கரியும் சாம்பலும் குழைந்த கறுப்புச் சேறு. பிரிட்ஜின் கதவு பாதி புதைந்து திறக்க வராமல் கிடந்தது. அக்காளும் தங்கையும் பாத்திரங்களைத் துழாவி எடுத்து வாளியில் போட, இரண்டு மருமகன்களும் மண்வெட்டியால் சேற்றை வாசலுக்குத் தள்ளினார்கள். குழந்தை தொட்டிலில்லாமல் மாடி வீட்டுக்காரர்களின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"காட்டைக் காப்பாத்துவீங்கன்னு பாத்தா, காட்டையே எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சுட்டீங்களே சகலை," என்றான் சின்னவளின் கணவன். லாரி ஓட்டுகிறவன், எதையும் சிரித்தே கடந்துவிடுவான்.

வனத்துறையில் மேற்பார்வையாளராக இருந்த மூத்த மருமகனும் சிரித்தார். குடும்பத்தில் அவருக்கு 'மலைக்காரர்' என்று பெயர். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் மலை எரிந்து அடங்கிய மறுவாரம், அவர்தான் எல்லோரையும் மேலே கூட்டிப்போய்க் காட்டினார். கையிலிருந்த பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். மண் அதைக் குடிக்கவில்லை. துளித்துளியாய் உருண்டு, சாம்பலை மேலே பூசிக்கொண்டு சரிவில் ஓடியது.

"பாத்தியாம்மா? இலையில இருந்த பசையெல்லாம் வெந்து உள்ள இறங்கி மெழுகு மாதிரி படிஞ்சிருக்கு. மழை வந்தா தண்ணி உள்ள போகாது, மேல் மண்ணையும் வாரிக்கிட்டு ஓடும். வைக்கோலைப் பரப்பிட்டா போதும். புல்லு வேர் பிடிக்கிற வரைக்கும் அது தாங்கிக்கும்."

சின்னவள் அப்போது கைக்குழந்தையோடு ஊருக்குள் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பணம் கொடுக்கிற நேரத்தில் அவர்தான் தடுத்தார். "சொந்த வீட்டை விட்டுட்டு எங்கம்மா போற? உன் தலைக்கு மேல இருக்கற சரிவுல நானே நின்னு போட வைக்கிறேன்." மழைக்காலம் நெருங்கியபோது, போட்டாயிற்று என்றும் சொன்னார். மாமா சொன்னால் சொன்னதுதான். சின்னவள் அதற்கப்புறம் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பெய்த மழையில் வீட்டுக்குள் சேறு புகுந்தது. சத்தம் கேட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியதால் பிழைத்தார்கள்.

பெரியவளுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. அந்த மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு ஓடைகள் அவர்களுடைய நீர்த்தேக்கத்துக்கு வருகின்றன. வியாழக்கிழமை காலையில் இரண்டிலும் தண்ணீர் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்கள். சாலைப் பக்கத்து ஓடை, பால் குறைந்த டீ நிறத்தில் இருந்தது. தங்கை வீட்டருகே வரும் ஓடை மை போலிருந்தது. குலுக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். அது தெளியவே இல்லை. ஒரே மலை, ஒரே தீ, ஒரே மழை. பிறகு ஏன் இப்படி? கேள்வி எழும்போதே பதிலும் தெரிந்துவிட்டது. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள், ஏதோ கண்ணாடியில்தான் கோளாறு என்பதுபோல.

அன்று அவர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றும்போது கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"வைக்கோல் பாதிதான் வந்துச்சு. பாக்க வர்ற அதிகாரிங்க ரோட்டுலேர்ந்துதானே பாப்பாங்க? அந்தப் பக்கம் முதல்ல போடுன்னுட்டாங்க. மிச்சம் வந்ததும்..."

"அவகிட்ட போட்டாச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"வந்துரும்னு நெனச்சேன்."

இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். கல்யாணத்துக்கு முன்னால் அவளை அவரிடம் இழுத்ததே அதுதான். யார் எது கேட்டாலும் 'ஆகட்டும், நான் இருக்கேன்ல' என்று அவர் சொல்லும்போது நெஞ்சு நிறைந்துபோகும். அந்த வார்த்தையை நம்பித்தான் அவளும் இத்தனை வருஷம் காலை நீட்டித் தூங்கினாள்.

"சாயங்காலத்துக்குள்ள கழுவி விட்டுட்டா, ராத்திரியே வந்துரலாம்," என்றான் லாரிக்காரன், அடுக்களைச் சேற்றைத் தள்ளியபடியே. "மாடிக்காரங்க எத்தனை நாளுக்குத்தான் முகம் சுளிக்காம இருப்பாங்க?"

சின்னவள் நிமிர்ந்தாள். அவள் நெற்றியில் சேறு காய்ந்திருந்தது. "மாமா, மறுபடியும் மழைங்கறாங்களே. மேல போட்ட வைக்கோல் இருக்கா, இல்ல அடிச்சிட்டுப் போயிருச்சா?"

"அதெல்லாம் இருக்கும்மா. நீ ஒண்ணும்..."

"அங்க வைக்கோலே போடல," என்றாள் பெரியவள்.

சேற்றில் மண்வெட்டி நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மனிதனின் பதற்றம் இருந்தது. சின்னவளோ அவரைப் பார்க்கவேயில்லை. அக்காளையே பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைக்கா."

அவர் பெயர் கெட்டுவிடக் கூடாது, மிச்ச வைக்கோல் வந்துவிடும், அவரே சொல்லிவிடுவார். மூன்று நாளாகப் பெரியவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டவை எல்லாம் இந்த அடுக்களையில் நின்று சொல்லக்கூடியவையாக இல்லை.

சின்னவள் வாளியை வைத்துவிட்டு, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வெளியே போனாள். மாடிப்படியில் அவள் ஏறும் சத்தம் கேட்டது.

"தம்பி," என்று பெரியவள் லாரிக்காரனைக் கூப்பிட்டாள். அவன் காதில் வாங்காதவன்போல மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான்.

"விடுங்க சார்," என்றான் மலைக்காரரிடம். "நாங்க பாத்துக்கறோம்."

அவர் விடவில்லை. குனிந்து, தரை தெரிகிற வரை ஒரு வெட்டு வெட்டி எடுத்தார். வெள்ளை டைல்ஸ் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது. நாலாபக்கத்துச் சேறும் மெல்ல நகர்ந்து வந்து அதை மூடியது. அவர் மறுபடியும் அதே இடத்தில் வெட்டினார்.