பிள்ளையாருக்குப் போட்ட துளை

படுக்கக் கட்டிலும் சமைக்கக் குசினியுமாக ஓடுகிற வீடு, புது மோட்டர்ஹோம், செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அன்றே சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்துத் தேங்காயும் உடைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். சாரதி இருக்கைக்குப் பின்னால் பிள்ளையார் படமும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். என் கணவர் சிறிதரன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் ட்ரில்லை எடுத்து, சுவரில் ஒரேயொரு துளை போட்டு, படத்தை மாட்டினார்.

புலம்பெயர்ந்து இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் மற்றவர்களின் சாமான்களை லொறியில் ஏற்றி ஓடியவர் அவர். தனக்காக ஒருமுறை பாலைவனம் வரை தானே ஓட்டிப் போக வேண்டும் என்பதுதான் ஆசை. பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, ஓட்டுவதென்றால் சீக்கிரம் ஓட்டிவிடுங்கள் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் சேமித்ததையெல்லாம் வழித்துத் துடைத்து இதை வாங்கினோம்.

முதல் மழைக்கே கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகியது. குசினி அலுமாரிக் கதவு கையோடு வந்தது. குளியலறைக் கதவு இறுகி, உள்ளே அகப்பட்டு நான் கத்தியதைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். புது வாகனமாம்!

விற்ற கம்பனியின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மனேஜருக்குப் பிள்ளையாரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பக்தியில் அல்ல. படத்தைக் கழற்றித் துளையைப் போட்டோ எடுத்தார்.

"சுவரைத் துளைத்திருக்கிறீர்கள். இனி ஒழுக்குக்கு வாறண்டி உண்டா என்று தலைமை அலுவலகம்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

துளை முன்பக்கம், ஒழுக்கு பின்பக்கம். சொன்னேன். என் ஆங்கிலத்துக்கு மிக மரியாதையாகத் தலையாட்டினார்.

வாகனம் பட்டறையிலேயே நின்றது. பிறகு எல்லாம் தொலைபேசியில்தான். தலைமை அலுவலகம் யோசிக்கிறது. கூரைப் பலகை கப்பலில் வருகிறது. வந்தது அளவு பிழை. திருத்துகிற ஆள் லீவு. முறைப்பாடு கேட்கிற அரசாங்க அலுவலகத்திலும் கம்பனிக்கு அவகாசம் கொடுங்கள் என்றார்கள். கொடுத்துக்கொண்டேதான் இருந்தோம்.

"எல்லாம் என்னாலதான். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்" என்று ஒருநாள் அழுதேவிட்டேன்.

"விடுமப்பா. உம்மட பிள்ளையாரே கூரையில ஏறி ஓட்டை போட்டவர்?" என்று சிரித்தபடி தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். ஊற்றியது அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் கம்பனி ஆளே வாகனத்தை ஓட்டிவந்து வாசலில் விட்டான். துளையால் ஒழுகவில்லையாம். தொழிற்சாலையில் கூரை மூட்டுக்குப் பசை பூச மறந்துவிட்டார்களாம்.

"இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்று சாவியை என்னிடம் நீட்டினான்.

சிறிதரன் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தது போன கிழமைதான். நானோ கார் ஓட்டவே பழகாதவள்.

அவர் கதவைத் தடவித் திறந்து சாரதி இருக்கையில் ஏறினார். இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"யோகா, பெல்ட் போட்டிட்டீரே?"

"ஓம், போட்டிட்டன்."

சாவி என் கைக்குள்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை.