ஜன்னல் கட்டிலுக்கு ஒரு ஓட்டு

பெரியக்கா இறந்த பிறகும் எங்கள் அறையை அவர்தான் ஆண்டார்.

ஆடைத் தொழிற்சாலைக்கு மேல்மாடியில் ஐந்து கட்டில் போட்ட அறை அது. வந்த புதிதில் வாளிக்கும் மின்விசிறிக்கும் அடித்துக்கொண்டோம். ஒருநாள் நாங்களே அலுத்துப்போய், "அக்கா, இனிமே நீங்க சொல்றதுதான். எங்களால முடியல" என்றோம். அவருக்கு அதிகாரம் வந்தது அப்படித்தான், நாங்கள் கொடுத்தது. கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை.

இருமி இருமியே அவர் போய்ச் சேர்ந்தார். ஜன்னலோரம் இருந்த அவருடைய கட்டிலில் அதன்பின் யாரும் உட்காரவில்லை. விளக்கை அணைக்கும் முன் அந்தப் பக்கம் பார்த்து, "அணைச்சிடலாமாக்கா?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. சில நாள் அங்கிருந்து 'ம்' என்று பதில் வரும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம்.

பிறகு புதுசு வந்தாள். கட்டில் ஒன்று காலியாகக் கிடக்க, குளியலறைக் கதவோரம் ஈரத்தரையில் படுத்தாள். சளி நெஞ்சில் இறங்கியது. விடிகிற நேரத்தில் அவள் இருமினால் நாங்கள் எழுந்து ஜன்னல் கட்டிலைப் பார்ப்போம். அச்சு அசல் பெரியக்காவின் இருமல். "அடுத்த வாரமும் இப்படியே இருமினா, வீட்டுக்குக் கிளம்பிடு" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வீட்டில் அவளை நம்பி, படுத்த படுக்கையாக அப்பா.

விடுமுறை நாள் மதியம் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஜன்னல் கட்டிலை அவளுக்குக் குடுத்துடலாம். காத்தாவது வரும்."

பொத்தான் துளைக்குக் காஜா போடும் மெஷினில் வேலை பார்க்கும் காஜாக்கா சீறினார். "யாரைக் கேட்டுக் குடுக்குற? அது அவங்க இடம்."

"அப்ப அவங்களையே கேப்போம், எழுந்து வரச் சொல்லு" என்றாள் செக்கிங். துணியில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை, மனிதர்களையும் விடமாட்டாள். சிரிக்கப் போனவள் கட்டிலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

இஸ்திரி போடும் சித்திதான் ஓட்டெடுக்கலாம் என்றார். வெள்ளைப் பொத்தான் என்றால் சம்மதம், கறுப்பு என்றால் வேண்டாம்.

"புதுசுக்கும் உண்டா?" என்று கேட்டேன்.

"நேத்து வந்தவளுக்கு ஏது ஓட்டு?" என்றார் காஜாக்கா.

"நல்ல நியாயம்! தரையில படுக்கறது அவ, தீர்ப்பு சொல்றது நாமளா?" என்றாள் செக்கிங்.

புதுசு துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

செக்கிங் ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, காலி என்று காட்டினாள். ஒவ்வொருவராகக் கையை மூடிக்கொண்டு போய்ப் போட்டோம். பிறகு தரையில் கொட்டினோம்.

இரண்டு வெள்ளை. இரண்டு கறுப்பு. அதோடு ஊதா நிறத்தில் ஒன்று.

அது பெரியக்காவின் ஸ்வெட்டர் பொத்தான். அந்த ஸ்வெட்டரோடுதான் அவரை அடக்கம் செய்திருந்தோம்.

"சரிங்கிறாங்களா, வேணாங்கிறாங்களா?" என்று கேட்டார் சித்தி.

"ரெண்டும் இல்லையே" என்றாள் செக்கிங்.

காஜாக்கா அந்தப் பொத்தானைக் கையில் எடுத்தார். கட்டில் பக்கம் திரும்பினார்.

"கறுப்புல ஒண்ணு நான் போட்டது" என்றார். "அதுல யாராச்சும் படுத்துட்டா அக்கா நெஜமாவே போயிட்டாங்கன்னு ஆயிடும். அதான்டி." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "இப்ப எந்தப் பக்கமும் பேச மாட்டேங்கிறாங்க பாரு. நீங்களே பாத்துக்கோங்கன்னுட்டாங்க."

எழுந்துபோய்ப் பழைய விரிப்பை உதறினார். வெயிலில் தூசி பறந்தது. தன் தலையணையையே கொண்டுவந்து அந்தக் கட்டிலில் போட்டார். உலகத்தில் அதிகாரங்கள் எத்தனையோ இருக்கலாம். தன்னுடையதைத் தூக்கிக் கொடுக்கிற அதிகாரம்தான் இறைவனுக்குப் பிடித்தது என்று நான் நம்புகிறேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்த புதுசு வாசலிலேயே நின்றாள்.

"வந்து படு" என்றார் காஜாக்கா. "இனிமே எதுன்னாலும் நீயும் ஓட்டுப் போடணும். துணி காயப்போடறேன்னு நழுவக் கூடாது."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பயத்தோடு எங்களைப் பார்த்தாள்.

"அவங்க எந்தப் பக்கமா படுப்பாங்க?"

"ஜன்னல் பக்கம்."

அவள் இந்த ஓரமாக ஒருக்களித்து, ஜன்னல் பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டுப் படுத்துக்கொண்டாள்.