அம்பு சார் பாராட்டிய படம்

அம்பு சாரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: அம்பின் முனையைச் சரியாகப் போடுகிறவர்கள், போடத் தெரியாதவர்கள். இரண்டாம் வகைக்காரர்களுக்கு மாலையில் வகுப்பெடுத்து அவர் பிழைத்துக்கொண்டிருந்தார். மென்பொருளை எழுதுவதற்கு முன்னால் அதைப் பெட்டியாகவும் கோடாகவும் அம்பாகவும் வரைந்து காட்டும் வித்தைக்குத்தான் அந்த வகுப்பு. தான் வரைந்த எந்தப் படமாவது கடைசியில் மென்பொருளாகி ஓடியதா என்று அவர் சொன்னதில்லை. கேட்கும் துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை.

வகுப்பறை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. வெள்ளைப் பலகையில் பழைய படங்கள் முழுதாக அழியாமல் மங்கலாய்த் தெரியும். எந்த அம்பு இன்றையது, எந்த அம்பு போன வாரத்தது என்று குழம்பிக்கொண்டேதான் பார்த்து வரைய வேண்டும். ஒரு மாலை முழுவதும், கடிகாரத்தை, படத்தில் ஆட்களைக் காட்டும் குச்சி மனிதனாகப் போடலாமா கூடாதா என்பதிலேயே கழிந்தது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலையைத் தொடங்கி வைப்பது கடிகாரம்தானே, அப்படியென்றால் அதுவும் ஓர் ஆள்தானே என்றார் சார். கடைசியில் கடிகாரத்துக்குக் கையும் காலும் முளைத்தன. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களெல்லாம் பயபக்தியோடு அதைப் பார்த்து வரைந்துகொண்டார்கள்.

அவர்களோடு ஒருத்தியும் வரைந்துகொண்டாள், ஸ்கேல் வைத்து. வகுப்பில் அவளுக்கு ‘டவுட்டு’ என்று பெயர். எந்தக் கோட்டையும் ஒரே தடவையில் போட அவளுக்கு மனசு வராது. போடுவாள், பார்ப்பாள், அழிப்பாள், மறுபடியும் அதே இடத்தில் அதே கோட்டைப் போடுவாள்.

பகலில் அவள் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் போன்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரிவுக்குப் புதிதாக மென்பொருள் செய்யப் போகிறார்களாம். போன் எடுப்பவர்களில் யார் தங்கள் வேலையை முறைப்படி படமாக வரைந்து காட்டுகிறாரோ அவருக்கு மேல் மாடியில், வடிவமைப்புக் குழுவில் ஓர் இடம் என்று மேலாளர் அறிவித்திருந்தார். கிடைத்தால் ஹெட்செட்டை ஒரேயடியாகக் கழற்றி வைத்துவிடலாம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ‘வணக்கம், சொல்லுங்க’தான். போட்டிக்கு வேறு யாரும் வரவில்லை. அவர்களுக்குப் புத்தி இருந்தது.

அவளுடைய அண்ணன் புரோகிராமர். அவனுக்கு இந்தப் படிப்பே இளக்காரம்.

“கட்டம் போட்டு கோடு இழுக்கறதுக்கு ஒரு வகுப்பா?”

“படம் இல்லாம எப்படிண்ணா செய்வீங்க?”

“முதல்ல எழுதி முடிச்சிடுவோம். அப்புறம் யாராவது படம் கேட்டா ஒரு பட்டனை அமுக்குவோம். எழுதினதைப் பார்த்து அதுவே படம் போட்டுக் குடுத்துடும். கேட்டவரு சுவத்துல ஒட்டி வச்சுக்குவாரு.”

“அப்போ படத்தைப் பார்த்து யாரும் செய்யறதில்லையா?”

“ஆரம்பிச்சுட்டியா? போய் முனையைக் கூர் தீட்டு, போ.”

அவள் போய்த் தீட்டினாள். லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டு போன் செய்கிறார். அங்கிருந்து கதவு திறப்பது வரை நடப்பதுதான் படம். மாட்டிக்கொண்டவருக்கு ஒரு கோடு, போன் எடுப்பவருக்கு ஒரு கோடு, மெக்கானிக்குக்கு ஒரு கோடு, மேலிருந்து கீழாக. நடுவில் அம்புகள்: அழைப்பு, பதிவு, மெக்கானிக்குக்குத் தகவல், ‘கிளம்பிட்டேன்’ என்ற பதில். அதற்குக் கீழே பெட்டி மாதிரி ஒரு சட்டம் போட்டு, திரும்பத் திரும்ப நடப்பது என்று மூலையில் எழுதி, உள்ளே போன் எடுப்பவரிடமிருந்து மாட்டிக்கொண்டவருக்கு ஓர் அம்பு வைத்தாள்: ‘பேசு’. படத்தில் அவளுக்குச் சந்தேகமே வராத இடம் அது ஒன்றுதான்.

அம்பு சாரின் விரல் நேராக அங்கேதான் போய் நின்றது.

“இது என்னம்மா?”

“மெக்கானிக் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்போம் சார்.”

“பேசி?”

“விட்டா பயத்துல கதவை நெம்பி வெளிய குதிக்கப் பார்ப்பாங்க. காலு போயிடும் சார்.”

“அதை விடு. பேசினதால சிஸ்டத்துல என்ன மாறுச்சு?”

“சிஸ்டத்துலயா? ஒண்ணும் மாறாது சார்.”

“அப்போ அது செய்தியே இல்ல. அரட்டை. அரட்டைக்கெல்லாம் இந்த மொழியில குறி கிடையாது.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாருக்குச் சூடு பிடித்துக்கொண்டது.

“அதுலயும் முனையைப் பாரு. திறந்த முனை வரணும், நீ மூடி வச்சிருக்க!”

அவ்வளவுதான். முனையே தப்பென்றால் மற்றதும் தப்பாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சட்டத்தையும் உள்ளே இருந்ததையும் தடம் தெரியாமல் அழித்தாள். சார் படத்தின் ஓரத்தில் ‘மிகச் சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளருக்குப் படம் படிக்கத் தெரியாது. அதனால் மதிப்பிட அம்பு சாரையே மேல் மாடிக்கு வரவழைத்திருந்தார். அவள் பலகையில் முழுப் படத்தையும் வரைந்து முடித்தாள். சார் ஒவ்வொரு முனையாகப் பார்த்துத் தலையசைத்தார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடி அம்புகளை மேலிருந்து கீழாக விரலால் எண்ணினார்.

“ஆக, புகாரைப் பதிஞ்சு மெக்கானிக்கிட்ட சொன்னதோட போன் எடுக்கறவங்க வேலை முடிஞ்சுது. அதுக்குக் கீழ அவங்க கோட்டுலேர்ந்து ஒரு அம்பும் கிளம்பல, பாருங்க. இதுக்கு எதுக்கு ஆளு? ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு குரலைப் பதிஞ்சு வச்சுடலாமே. அருமையான படம்மா! இவ்வளவு நாளா இது என் கண்ணுல படவே இல்ல.”

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மேலாளர் அபூர்வமாக ஒன்றைச் சரியாகப் படித்திருந்தார். படத்தில் இருந்தது அதுதான்.

பேனாவை மறுபடி எடுத்தாள். கோடுகளுக்குக் குறுக்கே சட்டத்தைப் போட்டாள், ஸ்கேல் இல்லாமல். உள்ளே ‘பேசு’ என்று எழுதி, மேலே ‘கதவு திறக்கும் வரை’ என்று சேர்த்தாள்.

“இது எங்கேருந்து வந்துச்சு?” என்றார் மேலாளர்.

“இதுதான் சார் எங்க வேலை. மத்ததெல்லாம் அதுக்கு முன்னால ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்.”

மேலாளர் சாரைப் பார்த்தார். “நான்தான் எடுக்கச் சொன்னேன்,” என்றார் சார், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில். “முறைப்படி அது செல்லாது.”

“செல்லாதுங்கறாரே. அழிச்சுடும்மா. திங்கட்கிழமை மேல வந்து உட்காரு.”

வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வரும். காத்துப் பார்த்தாள். வரவில்லை.

“நீங்களே அழிச்சுக்குங்க சார்.”

“அப்போ இடம் வேண்டாமா?”

“இந்தப் படத்துக்குக் கிடைக்கற இடம் வேண்டாம்.”

மேலாளர் தோளைக் குலுக்கிவிட்டு அழிப்பானைச் சாரிடம் நீட்டினார். சார் சட்டத்தை மூலை விடாமல் துடைத்தார். துடைத்ததில் பக்கத்து அம்பின் முனை கொஞ்சம் கலைந்துவிட்டது. பதறிப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டு, அதை மட்டும் மறுபடி கூராக்கினார்.

கீழே, பக்கத்து இருக்கையில் ஹலோ அக்கா இருந்தாள். வீட்டுக்காரர் கூப்பிட்டால்கூட ‘ஹலோ, சொல்லுங்க’ என்று பதில் சொல்கிறவள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “கிடைச்சுதா?” என்றாள்.

“இல்லக்கா. நம்மளை எடுத்துட்டு ரெக்கார்டு பண்ணின குரலைப் போடப் போறாராம். என் படத்தைப் பார்த்துதான் அந்த யோசனை வந்துச்சு.”

“அப்படி என்னத்தைடி வரைஞ்சு தொலைச்ச?”

“நம்மளை விட்டுட்டு வரைஞ்சேன். அப்புறம் சேர்த்தேன். அழிச்சுட்டாங்க.”

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “பாவி! இரு, உனக்கு அப்புறம் இருக்கு. இப்போ இந்த லைனைப் பிடி. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறாரு. மெக்கானிக் வந்துக்கிட்டிருக்கான். இவரு அதுக்குள்ள கதவுல கையை வைக்கறேங்கறாரு. எனக்குத் தொண்டை போச்சு.”

அவள் ஹெட்செட்டை மாட்டினாள்.

“வணக்கம், சொல்லுங்க சார்.”

“என்னத்தைச் சொல்றது? நீங்கள்லாம் ஒரு கம்பெனி நடத்தறீங்களா? வெக்கமா இல்ல?”

“நல்லாக் கேளுங்க சார். மேலாளர் பேரைச் சொல்லியே கேளுங்க, பேரு நான் தர்றேன். கையை மட்டும் கதவுலேர்ந்து எடுத்துடுங்க.”