அவள் கை நீட்டினாளா

கோதண்டபாணி இரண்டு காகிதங்களையும் வாங்கிப் படித்துவிட்டு, ஈரம் படாமல் பனியனுக்குள் செருகிக்கொண்டார். பிறகு கல்லின் மேல் கிடந்த சாக்கை உருவினார். கறுப்புக் கல். மூன்றடிக்கு இரண்டடி. அம்மா போன வாரமே வந்து தேர்ந்தெடுத்தது.

"ரெண்டும் ரெண்டு மாரி கீதே சார்" என்றார் என்னிடம். "முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணுன்னு வெட்டிடவா? நானும் எத்தினியோ கிறிஸ்டீன் கல்லு வெட்டிக்கீறேன். ரெண்டு கட்சி ஆளுங்க ஒரே கல்லுக்கு வந்து நின்னதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. பட்டறைக்குப் பின்னால் பறக்கும் ரயில் தூண்கள் தெரிந்தன. அவற்றில் மூன்று, நான் மேற்பார்வை பார்த்து எழுந்தவை. மந்தைவெளி ஸ்டேஷன் அடுத்த வருடம் திறந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பூசையிலிருந்து நேராக வந்ததால் செபமாலை இன்னும் விரல்களில் சுற்றியிருந்தது. என் மாமனார் ஞானசிகாமணி உட்கார மறுத்து, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் ராயப்பேட்டையில் ஆராதனையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சபையில் பிரசங்கம் செய்பவர். எதையும் பாதியில் விடுபவர் அல்ல.

என் மனைவி டீனா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு ஈரல் என்றார்கள். ஒன்பதாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சி.எஸ்.ஐ. சபைப் பெண். நாங்கள் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று திருமணத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்தேன். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். பிள்ளை பிறக்கவில்லை. மூன்று வருடமும் ஞாயிறு காலையில் அவள் பஸ் பிடித்து ராயப்பேட்டைக்குப் போவாள், நான் அம்மாவோடு பூசைக்கு நடப்பேன். மதியம் மூவரும் ஒரே மேசையில் இடியாப்பமும் பாயாவும் சாப்பிடுவோம். "உங்க சாமியார் இன்னைக்கு எவ்வளவு நேரம் பேசினார்?" என்று கேட்பாள். எட்டு நிமிடம் என்பேன். "எங்க பாஸ்டருக்கு எட்டு நிமிஷத்துல தொண்டைகூடச் சரியாகாது" என்பாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எங்கள் வீட்டில் மத வேறுபாடு அவ்வளவுதான் இருந்தது.

அம்மாவின் காகிதத்தில், டீச்சராக இருந்த அவளுடைய கையெழுத்தில் இப்படி இருந்தது: 'அவஸ்தைப்பூசுதல் பெற்று நல்மரணம் அடைந்த டீனா ஜெஃப்ரி. இவர் ஆன்மா இளைப்பாற வேண்டிக்கொள்ளுங்கள்.' மாமனாரின் காகிதத்தில்: 'கிருபையினால் மட்டும் இரட்சிக்கப்பட்டு, கர்த்தரிடம் சேர்ந்தவள்.' 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

"சம்பந்தியம்மா, அடக்கம் உங்க கல்லறைத் தோட்டத்துல நடந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல" என்றார் மாமனார். "ஆனா எம் பொண்ணோட இரட்சிப்பு சாமியார் பூசின ஒரு கரண்டி எண்ணெயில இருந்துச்சுன்னு கல்லுல வெட்டணுமா?"

"எண்ணெய்ன்னு லேசா சொல்லாதீங்க. அது அருட்சாதனம்."

"வேதத்துல காட்டுங்க."

"யாகப்பர் எழுதியிருக்காரே. வியாதிக்காரனுக்கு மூப்பர் வந்து எண்ணெய் பூசட்டும்னு. உங்க வேதத்துலயும் அது இருக்குமே?"

"இருக்கு. அது வியாதிக்காரன் எழும்புறதுக்கு. அனுப்பி வைக்கிறதுக்கு இல்ல."

அம்மா முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அது எதுக்குன்னு நீங்களும் நானும் இந்தத் தகரத்துக்கடியில முடிவு பண்ண முடியுமா? சொல்றதுக்குத் திருச்சபை இருக்கு. உங்க கையில இருக்கிற புத்தகத்தையே எது வேதம், எது இல்லன்னு பிரிச்சுக் கொடுத்தது யாரு?" என்றாள்.

"கொடுத்தீங்க. கொடுத்துட்டு எங்களைப் படிக்க விட்டீங்களா?"

"இன்னாம்மா, ஆத்தா மாரி ரெண்டு பேரும் சாமி வந்து ஆடறீங்க" என்றார் கோதண்டபாணி. "சனிக்கிழமை கல்லறைத் திருநாளு. அதுக்குள்ள கல்லு நிக்கணும். எனக்கு எழுத்து சொல்லுங்க."

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. குரல் தாழ்ந்தது. "காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தாளே, தொண்டை கட்டிப்போற வரைக்கும். அதெல்லாம் அவகூடப் போகாதா? அதையும் கணக்கில்லைன்னுதான் சொல்வீங்களா?"

"போகாது. எம் பொண்ணு நல்லவதான், நான் இல்லேங்கல. ஆனா தன்னோட நல்லதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு யாரும் மேல போனதில்ல."

அந்தப் பிள்ளைகள் அவளுடைய தொண்டையில் உள்ளங்கையை வைத்துத்தான் எழுத்தைக் கற்றார்கள். ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி அவள் கழுத்தைத் தொட்டபடி 'ம' சொல்ல முயன்றுகொண்டிருந்தாள். டீனா நாற்பது முறை 'ம' சொன்னாள். அது இரட்சிப்பில் எந்தப் பக்கம் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆறு வாரமாக நான் இரண்டு வீடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் செய்ய வேலை இருந்தது. முப்பதாம் நாள் பூசை, ஒன்பது நாள் செபம், கல்லறையில் மெழுகுவத்தி, உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மருமகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும் வேலை. களைத்துப்போய் நன்றாகத் தூங்கினாள். மாமனாருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. எல்லாம் எப்போதோ செய்து முடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் அவருடைய நம்பிக்கை. மகளுக்காக ஒரு ஜெபம் பண்ணக்கூட அவருக்கு அனுமதி இல்லை. ராயப்பேட்டை வீட்டில் ஜன்னலோர நாற்காலியில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு கேள்வி மட்டும். அதை இப்போது என்னிடம் கேட்டார்.

"மாப்பிள்ளை, உங்க அம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. சாமியார் வந்தப்ப டீனாவே கையை நீட்டினாள்னு. எங்க சபை வரைக்கும் வந்துடுச்சு. கடைசி நேரத்துல உங்க பொண்ணு மாறிட்டாளாமேன்னு எங்கிட்டயே கேக்கிறாங்க. அவ தலைமாட்டுல நீங்கதான் இருந்தீங்க. நீங்க சொல்றதை நான் நம்புறேன். அவ கை நீட்டினாளா?"

"நீட்டினா. நான் கண்ணால பாத்தேன்" என்றாள் அம்மா.

அம்மா பொய் சொல்லவில்லை. அவள் கட்டிலின் கால்மாட்டில், சாமியாரின் தோளுக்குப் பின்னால் மெழுகுவத்தியோடு நின்றாள். அவளுக்கு விரிந்த உள்ளங்கை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அது டீனா படுத்த ஏழாம் நாள். அன்று காலையில் மாமனார் வந்து உட்கார்ந்து, "நிச்சயம் இருக்காம்மா? இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா?" என்று மூன்று முறை கேட்டார். டீனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "இனிமே யாரையும் உள்ள விடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. ஜெபம் பண்ணினா இன்னும் பயமா இருக்கு. நீங்க மட்டும் இருங்க." சரி என்றேன். நான்கு மணிக்கு அம்மா சாமியாரோடு வந்தாள். நான் எழுந்து கதவருகே போகவில்லை. சாமியார் நல்ல மனிதர். வேறு சபைப் பெண் என்பதால் என் காதருகே குனிந்து, "அவங்களா கேட்டாங்களா? சம்மதம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். நெற்றியில் பூசினார். கைக்கு வந்தபோது டீனா விரல்களை மூடிக்கொண்டாள். அவர் கண் புத்தகத்தில் இருந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெரிய பலம் தேவைப்படவில்லை. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் எதிர்த்தது. பிரித்த கையை அவரிடம் நீட்டினேன். டீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு இரண்டு நாள் இருந்தாள். என்னோடு பேசவில்லை. பேச முடியவில்லை என்று டாக்டர் சொன்னார்.

ஏன் செய்தேன்? ஒருவேளை பலித்து, எழுந்துவிடுவாள் என்றுதான்.

"இல்ல மாமா" என்றேன். "கையை மூடிக்கிட்டா. நான்தான் விரலைப் பிரிச்சேன். அவ வேண்டாம்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா."

கோதண்டபாணி உளியை எடுத்து, எதையும் வெட்டாமல் திரும்ப வைத்தார்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். ஆறு வாரத்தில் முதல் முறை. "ஸ்தோத்திரம்" என்றார். "கடைசி மட்டும் நின்னிருக்கா. எம் பொண்ணு நின்னிருக்கா."

அம்மாவின் விரல்கள் செபமாலையில் இரண்டு மணி தாண்டின. பிறகு நிமிர்ந்தாள். "காய்ச்சல்ல கை மடங்கத்தான் செய்யும். நீ விரிச்சா என்னடா? ஞானஸ்நானம் கொடுக்கிறப்ப குழந்தையா தலையை நீட்டுது? தூக்கிப் பிடிக்கிறவங்களோட விசுவாசம் போதும். உங்க சபையிலயும் அப்படித்தானே சம்பந்தி? ஜெஃப்ரி, நீ அவளுக்குச் செஞ்சது பெரிய புண்ணியம்டா."

நான் திட்டு வாங்கக் காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை.

"மாமா, அவ உங்களையும் உள்ள விட வேண்டாம்னா" என்றேன். "நீங்க கேட்டது அவளுக்குப் பயமா இருந்துது."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். "வேதனையில சொல்லியிருப்பா" என்றார்.

"வேதனையில என்ன வேணா வரும்" என்றாள் அம்மா.

ஆறு வாரத்தில் இருவரும் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

"மனசு உறுத்துச்சுன்னா ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடுடா. அதோட தீர்ந்துடும்" என்றாள் அம்மா.

"மனுஷன்கிட்ட போய் எதுக்கு? அது எப்பவோ சிலுவையில தீர்ந்துபோச்சு மாப்பிள்ளை. விசுவாசிச்சாப் போதும்."

"அப்போ யாரு என்ன வேணா செய்யலாமா?"

"நான் அப்படிச் சொன்னேனா சம்பந்தியம்மா?"

மறுபடி ஆரம்பித்தார்கள். முன்பைவிட உற்சாகமாக. மழை வலுத்ததால், பட்டறையை ஒட்டிய டீக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். மாமனார் அம்மாவின் தலைக்கு மேல் குடை பிடித்தார். இருவரும் என்னை மன்னித்துவிட்டிருந்தார்கள், ஒரே நிமிடத்தில், ஆளுக்கொரு வழியில்.

கோதண்டபாணி பனியனுக்குள்ளிருந்து காகிதங்களை எடுத்தார். "முடிவா இன்னா சார்?"

"பேர் மட்டும்."

"டீனாவா?"

"ஆமா."

"ரெண்டே எழுத்து சார். இம்மாம் பெரிய கல்லு. மொட்டையா கீது பாரு. தேதியாவது?"

"வேணாம்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். காகிதங்களை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு கொட்டாங்கச்சியில் காவியைக் கரைத்து, நூலை அதில் முக்கியெடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"கல்லோட அமுத்திப் புடி சார். நவுராத."

குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்தினேன். அவர் மறுமுனையை இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினார். கறுப்பின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. கூரை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுந்து, கோடு கலங்கி ஓடியது. கோதண்டபாணி உள்ளங்கையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி நூலை முக்கினார். டீக்கடையிலிருந்து அம்மா ஏதோ கூப்பிட்டாள். நான் விரலை எடுக்கவில்லை. அவர் சுண்டினார்.