ஏட்டின் பின்பக்கம்

வியாழக்கிழமை மதியம் சேலத்தில் பட்டு நூல் வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது, புத்தகம் தரம் பிரிக்கப்பட்டிருந்தது.

நீள மேஜையில் நான்கு குவியல்கள். ஒவ்வொன்றின் முன்னும் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: ஏ, பி, சி, உடைசல்.

"பாரு கண்ணு, சுத்தமா முடிச்சுட்டோம்," என்றார் காப்பிக்கொட்டை பொறுக்கும் சின்னத்தாயி அக்கா. "நேரா இருக்கறது ஏ. வளைஞ்சது பி. கறை புடிச்சதெல்லாம் சி. ஓரம் போனது கடைசில. உடைசல் நொம்ப இல்ல. நல்ல சரக்குதான்."

எங்கள் அருங்காட்சியகம் ஏற்காட்டிலிருந்து கிளியூர் போகும் வழியில், ஒரு எஸ்டேட்டின் காப்பிக் கிடங்கில் இருக்கிறது. காகிதம் வருவதற்கு முன் சீனாவில் மூங்கிலிலும் மரத்திலும் எழுதினார்கள். அவற்றின் நகல்கள்தான் இங்கே. எஸ்டேட் முதலாளி கமலக்கண்ணன் சார் பதினெட்டு வருடம் சீனாவில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தில் சொல்லிச் செய்து வாங்கி வந்தார். மரப்பலகைகள் பதினொன்று. மூங்கில் புத்தகம் ஒன்று.

புத்தகம் என்றால் அறுபத்தெட்டு ஏடுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், அரை விரல் அகலம். பாய் போல நூலால் கோத்துச் சுருட்டியிருந்தது. பழைய முறைப்படியே மூங்கிலைப் பிளந்து செய்தது என்பது சாருக்குப் பெருமை.

நான் தாவரவியல் படித்தவள். ஒன்பது மாதமாக இங்கே வேலை. பனியில் நூல் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதை வெட்டி எடுத்து, ஏடுகளை வரிசையாகப் பரப்பி வைத்தேன். காப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்கள் நான்கு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் "துடைச்சு வையுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கலைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படமும் எடுக்கவில்லை. அதற்குச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

அவர்கள் மேஜையில் எதைக் கண்டாலும் பிரிப்பார்கள். இருபது வருடமாக அந்தக் கைகளின் வேலை அது.

ஏடுகளின் வரிசை கலைந்துவிட்டது என்று சொன்னதும் சின்னத்தாயி அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அடக் கடவுளே. போறப்பவே சொல்லியிருக்கலாமில்ல? பேசினா முத்தா உதுந்துரும்?"

சனிக்கிழமை திறப்பு விழா. அழைப்பு போய்விட்டது. வரிசை கேட்க சார் அந்தச் சீன அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தார். அங்கே புத்தாண்டு விடுமுறை. அடுத்த வாரம்தான் ஆள் வருவார்களாம்.

"எப்படியோ கட்டிடும்மா அமலி," என்றார். "இங்க யாரு படிக்கப் போறா? பேச்சு சீனம் பேசுவேன். இந்தப் பழைய எழுத்து எனக்கே தெரியாது."

"வேண்டாம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தையை நான் அவரிடம் அதுவரை சொன்னதில்லை.

"வரிசை தப்பினா அது புத்தகம் இல்ல சார். வெறும் பாய்."

"சனிக்கிழமைக்குள்ள சரியான வரிசை கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"கிடைக்கலைன்னா?"

"நீங்க சொன்னபடி கட்டிக்கங்க. விளக்க அட்டையில என் பேரை எடுத்துருங்க."

அவர் கிளம்பிப் போனார். நான் ஓர் ஏட்டைத் திருப்பிப் போட்டேன்.

எழுத்து மூங்கிலின் உட்பக்கம் இருக்கும். பின்பக்கம் என்பது மூங்கிலின் வெளிப்புறம். அங்கே கணுவின் தடம் மேடாகத் தெரிந்தது. இன்னொன்றைத் திருப்பினேன். அதில் கணு வேறு உயரத்தில். மூன்றாவதில் முதல் ஏட்டின் அதே உயரம். ஒரே குழாயைப் பிளந்தால் எல்லா ஏட்டிலும் கணு ஒரே உயரத்தில்தான் வரும். சீன எழுத்து எனக்குத் தெரியாது. கணு தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்களிடம் முழுதாக விளக்கினேன். இம்முறை எதையும் விடவில்லை. நான் அளவுகோலை வைத்து ஐந்து ஏட்டை அளப்பதற்குள் அவர்கள் கண்ணாலேயே பிரித்து முடித்துவிட்டார்கள். நான்கு குவியல், ஒவ்வொன்றிலும் பதினேழு.

"இதென்னங்கண்ணு கத்திக்கீறல்?" என்றார் சின்னத்தாயி அக்கா. "எல்லாத்துலயும் இருக்குது. எவனோ கை தவறிப் போட்டுட்டானா?"

கை தவறியதில்லை. பிளப்பதற்கு முன்பே குழாயைச் சுற்றிச் சாய்வாக ஒரு கோடு கீறியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஏட்டிலும் அதன் சிறு துண்டு, முந்தையதைவிடக் கொஞ்சம் கீழே. துண்டுகளைச் சேர்த்தால் கோடு முழுதாகும். கோடு முழுதானால் வரிசை சரி. மதியத்துக்குள் நான்கு குழாய்களும் நான்கு வரிசைகளாக மேஜையில் கிடந்தன.

புத்தகத்தோடு வந்த அட்டையில் முதல் ஏட்டுக்கும் கடைசி ஏட்டுக்கும் படம் இருந்தது. அதை வைத்து முதல் குழாயும் நான்காவதும் உறுதியாயின. நடுவில் இரண்டு. எது முன்னால்?

சார் வந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது போதுமே. கட்டு."

"பாதி போதாது சார்."

"பிடிவாதம்டா சாமி," என்று உட்கார்ந்துவிட்டார்.

சின்னத்தாயி அக்கா மேஜையைச் சுற்றி நடந்தார். நடுவில் வரும் இரண்டில் ஒரு வரிசையின் கடைசி ஏட்டை எடுத்தார். மற்றதன் முதல் ஏட்டை எடுத்தார். இரண்டையும் என் முன்னால் ஒட்டிப் பிடித்தார்.

"நேத்து ரெண்டையும் சி-ல போட்டது நாந்தான். இது ரெண்டு கறை இல்ல கண்ணு. ஒண்ணேதான். நடுவுல வெட்டின மாதிரி பாதிபாதியா நிக்குது பாரு."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நூலில் பிடித்த பூஞ்சணம் பக்கத்து ஏட்டுக்கும் பரவியிருந்தது. விளிம்பு விளிம்போடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. கட்டியிருந்தபோது இரண்டும் அடுத்தடுத்து இருந்தால்தான் அப்படி வரும். எது முன்னால் என்பதில் இனி சந்தேகமில்லை.

"இப்பக் கட்டலாம் சார்."

மாலைக்குள் கட்டி முடித்தோம். சார் அதைக் கண்ணாடிப் பெட்டியில் எழுத்து மேலே தெரிய விரித்தார்.

"குப்புற வைக்கலாம் சார்," என்றேன்.

"புத்தகத்தையா? எழுத்தைப் பாக்கத்தானே வர்றாங்க?"

"எழுத்தைப் பத்தி யாராவது கேட்டா நம்ம யாராலயும் பதில் சொல்ல முடியாது. பின்பக்கத்தைப் பத்தி என்ன கேட்டாலும் நான் சொல்வேன். சீனாவிலிருந்து அர்த்தம் வந்ததும் திருப்பிக்கலாம்."

சார் பெட்டியைத் திறந்தார். பிறகு அவரே ஏடுகளைச் சுருட்டி, திருப்பி விரித்தார். கீறல் நான்கு சாய்வுகளாக இறங்கியது. "சரி. ஆனா பேசறது நீதான்," என்றார்.

சனிக்கிழமை காலை கிடங்கு நிறைந்துவிட்டது. முதல் கேள்வி வாழவந்தியிலிருந்து வந்த ஒரு டீச்சருடையது. "ஏனுங்க, இதுல என்ன எழுதியிருக்குது?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "ஆனா இந்த அறுபத்தெட்டுல எதுக்கு அடுத்தது எதுன்னு தெரியும். எப்படித் தெரியும்னு சொல்றேன். கிட்ட வாங்க."

கூட்டம் பெட்டியைச் சுற்றி நெருங்கியது. கணுவிலிருந்து தொடங்கினேன். முதல் குழாயை முடித்து இரண்டாவதுக்குப் போனேன். நடுவில் யாரோ கேள்வி கேட்டார்கள்; பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மூன்றாவது குழாய்க்கு வந்தபோது பக்கத்தில் நின்ற சின்னத்தாயி அக்கா என் முழங்கையைத் தொட்டார்.

"கண்ணு, கொஞ்சம் மூச்சு வுட்டுக்க. அந்தக் கறையை நான் சொல்லிக்கறேன்."